எட்டு ரூபாய் பாக்கி



போன வாரம் நூலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் நான் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற படத்தைப் பேத்தி இங்கே போட்டுவிட்டாள். கீழே நீங்கள் எழுதினதெல்லாம் படித்தேன். "டீச்சர், ரிட்டயர் ஆகியும் இன்னும் யாரை மிரட்டுறீங்க?" என்று 1992 பேட்ச் பெண் ஒருத்தி கேட்டிருந்தாள். (உன்னை ஞாபகம் இருக்கும்மா. கடைசி பெஞ்ச், ஜன்னல் ஓரம்.) நான் முறைத்தது ஆளை இல்லை, ஓர் அட்டவணையை. அந்தக் கதையை இன்று முழுசாக எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் போகும். அடுப்பை அணைத்துவிட்டு வந்து படியுங்கள்.

தெரியாதவர்களுக்காக: வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம், எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நூலகத்தில் உட்காருகிறேன். அரசு நூலகம் இல்லை, நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து நடத்துகிற அறக்கட்டளை நூலகம். சம்பளம் கிடையாது, காபி உண்டு. நாலு வருஷத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்தபோது முதலில் கை தூக்கியவள் நான். கீழே நான் குறை சொல்லப்போவதில் பாதி என் கையால் நடந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மென்பொருளின் பெயர் கோஹா. நியூசிலாந்தில் லெவின் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஹொரொஃபெனுவா நூலக அறக்கட்டளை வைத்திருந்த பழைய மென்பொருள் 1999 முடிந்து 2000 பிறந்தால் தேதி குழம்பி நின்றுவிடும் என்ற நிலைமை. புதிதாக வாங்கப் பணம் இல்லை. கட்டிப்போ என்ற நிறுவனத்தைக் கொண்டு சில மாதங்களில் புதிதாகவே எழுதவைத்து, 2000 ஜனவரியில் ஓடவிட்டார்கள். பிறகு அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று திறந்தும் விட்டார்கள். கோஹா என்பது மாவோரி மொழிச் சொல். அன்பளிப்பு என்று பொருள். ஆனால் வாங்கினவர் ஒரு நாள் திருப்பிச் செய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அந்தச் சொல்லுக்குள்ளே இருக்கிறது. நமக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். மொய்.

இன்று உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான நூலகங்களில் அது ஓடுகிறது. உரிமத்துக்குக் காசு கிடையாது. எங்கள் நூலகம் மாதிரி இடத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் இந்தப் பதிவைப் படித்துவிட்டு "கோஹா சரியில்லையாம், டீச்சர் சொல்லிட்டாங்க" என்று யாரும் கிளம்ப வேண்டாம். என் வழக்கு அதில் ஒரே ஒரு திரையைப் பற்றியது. யார், எந்தப் புத்தகத்தை, எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்கிற திரை.

அது ஒரு பெரிய அட்டவணை. இடது பக்கத்தில் உறுப்பினர் வகை, அடுத்தது புத்தக வகை. அங்கேயிருந்து வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனால் எத்தனை புத்தகம், எத்தனை நாள், நாளா மணியா, அபராதம் எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, சலுகை நாள் எத்தனை, உச்சவரம்பு என்ன, எத்தனை முறை புதுப்பிக்கலாம், எத்தனை முன்பதிவு, ஒரே நாளில் எத்தனை முன்பதிவு... முப்பதுக்கு மேல் கட்டங்கள். நாங்கள் ஆறு உறுப்பினர் வகை, ஐந்து புத்தக வகை வைத்திருந்தோம். நிறுவிக்கொடுத்த தம்பி "எல்லாத்துக்கும் ஒவ்வொரு வரி போட்டுடலாம்" என்றான். கணக்கு டீச்சர் எனக்குத்தான் அங்கேயே பொறி தட்டியிருக்க வேண்டும். ஆறைந்து முப்பது வரி. முப்பது வரிக்கு முப்பது கட்டம். தொள்ளாயிரம் பதில்களை ஒரு மத்தியானத்தில் எழுதி முடித்தோம். அதில் எத்தனை கேள்வி எங்களுக்குப் புரிந்தது என்று கேட்காதீர்கள்.

இப்போது அந்த அம்மா கதைக்கு வருகிறேன்.

பிள்ளையார்பாளையத்திலிருந்து வருகிறவர். வீட்டில் குழித்தறி. கணவரும் மனைவியும் சேர்ந்து கோர்வைப் புடவை நெய்கிறார்கள். கோர்வைக்கு இரண்டு ஆள் வேண்டும் என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். கரைக்குத் தனி நாடா, உடலுக்குத் தனி நாடா, ஒருவர் நிறுத்தினால் மற்றவரும் நிறுத்த வேண்டியதுதான். மத்தியானம் அவர் கணவர் சாப்பிட்டுக் கொஞ்சம் கண் அசரும் நேரம்தான் அவருக்குப் படிக்கிற நேரம். "சிவகாமியின் சபதம்" படித்துக்கொண்டிருந்தார். நாலு பாகம். நம் ஊரிலேயே நடக்கிற கதை என்பதில் அவருக்கு ஒரு பெருமை. கைலாசநாதர் கோயில் பக்கம் போகும்போதெல்லாம் சிவகாமி ஞாபகம் வருகிறது என்று ஒரு தடவை சொன்னார். கோயிலைக் கட்டினது கதைக்குப் பிந்தின காலம் என்று திருத்தப் போனேன், பிறகு வாயை மூடிக்கொண்டேன். டீச்சர் புத்தி எல்லா இடத்திலும் தேவையா?

முதல் பாகம் நோட்டுக் காலத்தில் எடுத்தது, அப்போது அவர் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் பாதியில் நின்றது. இந்த வருஷம் மறுபடி ஆரம்பித்தார். இரண்டாம் பாகம், காஞ்சி முற்றுகை. அதை முடித்து மூன்றாம் பாகம் எடுக்க வந்த நாளில் நான் இல்லை. கல்லூரி படிக்கிற பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். புத்தகத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு, மூன்றாம் பாகத்தைப் பதிய முயன்றிருக்கிறான். திரையில் சிவப்புக் கட்டம். "அக்கா, உங்க பேர்ல எட்டு ரூபா பாக்கி இருக்கு. அதைக் கட்டினாதான் சிஸ்டம் எடுக்கும்" என்றிருக்கிறான். அவர் சங்கத்தில் புடவையைக் கொடுத்துவிட்டு நேராக வந்தவர், கையில் காசு இல்லை. சரி தம்பி என்று போய்விட்டார். மறுநாள் மகன் வந்து எட்டு ரூபாயைக் கொடுத்துவிட்டுப் புத்தகம் எடுக்காமலே போனான். அப்புறம் ஆளைக் காணோம்.

ஒரு மாதம் கழித்து நானே வீட்டுக்குப் போனேன். தறியை விட்டு எழுந்திருக்காமலே பேசினார்.

"எட்டு ரூபா பெரிசில்ல டீச்சர். நாலு பேர் எதிர்ல பாக்கின்னு சொல்லிட்டான். எங்களுக்குப் பாக்கின்னா வேற."

எனக்கு அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. நீங்களும் கேட்க மாட்டீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஏழாம் வகுப்போடு, எட்டாம் வகுப்போடு நின்று தறிக்குப் போன பிள்ளைகள் வகுப்புக்கு வகுப்பு இருந்தார்கள். ஏன் வரவில்லை என்று வீட்டுக்குப் போனால் முதலாளியிடம் வாங்கின அட்வான்ஸ் என்பார்கள், பாக்கி என்பார்கள். அந்தக் கடன் தீரும்வரை வேறு இடத்துக்கு நெய்ய முடியாது. பிள்ளைகள் உட்கார்ந்து அதைத் தீர்த்தார்கள். இந்தப் பதிவைப் படிக்கிறவர்களிலேயே சிலருக்கு அக்காவோ அண்ணனோ அப்படி நின்றவர்கள் உண்டு. அந்தச் சொல்லைப் புத்தகம் எடுக்க வந்த இடத்தில் அவர் கேட்டிருக்கிறார். பையன் மேல் தப்பில்லை. திரையில் இருந்ததை வாசித்தான், அவ்வளவுதான்.

எங்கே தப்பு என்று தேட உட்கார்ந்தேன். பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கிற நம் மாணவன் ஒருவன் (பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டான்) இரண்டு ராத்திரி போனில் உதவி செய்தான். எங்கள் அட்டவணையில் 14 நாள் தவணை, நாளுக்கு ஒரு ரூபாய் அபராதம். அந்த அம்மா 22-ஆம் நாள் கொண்டுவந்தார். எட்டு ரூபாய். இது வரைக்கும் எங்கள் விதி. ஆனால் எட்டு ரூபாய் இருந்தால் அடுத்த புத்தகம் கிடையாது என்று யார் சொன்னது? நாங்கள் சொல்லவே இல்லை. அந்த அட்டவணையிலும் அது இல்லை. வேறொரு பக்கத்தில், பொது அமைப்புகள் என்ற நீண்ட பட்டியலின் நடுவில் ஒரு எண் இருந்தது: 5. அதற்கு மேல் பாக்கி போனால் இரவல் நின்றுவிடும். மென்பொருளோடு வருகிற எண் அது.

"டீச்சர், அது டாலர் கணக்குல யோசிச்சது" என்றான்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஐந்து டாலர் பாக்கி வைத்தவரைக் கொஞ்சம் நிறுத்தி வை என்பதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. காஞ்சிபுரத்துக்கு வந்தபோது எண் அப்படியே வந்தது, காசு மட்டும் மாறிவிட்டது. ஆறு நாள் தாமதித்தால் கதவு மூடும் என்று எங்களுக்கே தெரியாமல் ஒரு சட்டம் எங்கள் நூலகத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்த கூத்து முழுக்க என்னுடையது. கோபத்தில் அன்று ராத்திரியே அட்டவணையைத் திருத்த உட்கார்ந்தேன். எல்லோருக்கும் பொதுவாக ஒரு வரியைப் போட்டேன்: மூன்று புத்தகம். பிறகு கல்லூரி மாணவர் வரிக்கு வந்து நாள் கணக்கை மட்டும் மாற்றிவிட்டு, எத்தனை புத்தகம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். காலியாக விட்டால் மேலே உள்ள பொது விதி இறங்கிவரும் என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். கையேட்டைப் பிறகு படித்தேன். காலி என்றால் வரம்பே இல்லை என்று பொருளாம். வேண்டாம் என்றால் பூஜ்யம் போட வேண்டுமாம். ஒரு வாரத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பையன் ஒருவன் பதினேழு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கணினி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எட்டு ரூபாய்க்குச் சிவப்புக் கட்டம் காட்டின அதே கணினி!

விதி எப்படி வேலை செய்கிறது என்று மாணவன் பிறகு விளக்கினான். ஒருவர் புத்தகத்தை நீட்டினால், மென்பொருள் முதலில் இந்த நூலகம், இந்த உறுப்பினர் வகை, இந்தப் புத்தக வகை மூன்றும் பொருந்துகிற வரியைத் தேடும். இல்லையென்றால் இந்த உறுப்பினர், எல்லாப் புத்தகமும். அதுவும் இல்லையென்றால் எல்லா உறுப்பினரும், இந்தப் புத்தகம். அப்புறம் இந்த நூலகத்தில் எல்லோருக்கும் எல்லாமும். அதற்குப் பிறகு, எல்லா நூலகங்களுக்குமான வரிகள் இதே வரிசையில். குறிப்பானதில் ஆரம்பித்துப் பொதுவானதில் முடிகிறது. அழகான முறை, நான் மனசார ஒப்புக்கொள்கிறேன். பத்தாம் வகுப்பில் கணங்கள் நடத்தும்போது இந்த உதாரணம் கிடைக்கவில்லையே என்று இருந்தது. 2020-இல் வந்த பதிப்பிலிருந்து உள்ளே சேமிக்கிற முறையையும் மாற்றிவிட்டார்களாம். ஒரு வரியை மொத்தமாக வைக்காமல் ஒவ்வொரு விதியையும் தனித்தனியாக வைக்கிறார்கள். ஆக நான் நினைத்தது போலவே, நாள் கணக்கு ஓரிடத்திலிருந்தும் எண்ணிக்கை இன்னோரிடத்திலிருந்தும் இறங்கிவர உள்ளே வழி இருக்கிறது. திரை மட்டும் அதே நீள அட்டவணை. வீட்டைத் திருத்திக் கட்டிவிட்டு வாசற்படியை விட்டுவிட்ட மாதிரி.

என் கருத்து இதுதான், மென்பொருள் வேலை பார்க்கிற பிள்ளைகள் கவனியுங்கள். விதி குறைவாக இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. விதியைப் போடுகிறவளுக்கு அது என்ன செய்யும் என்று போடும்போதே தெரிய வேண்டும் என்று கேட்கிறேன்.

பெங்களூர்க்காரனோடு இதில் நல்ல சண்டை. "டீச்சர், வேண்டாத கட்டம்னு அதுல ஒண்ணுமே இல்ல. ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாடியும் உலகத்துல எங்கயோ ஒரு லைப்ரரி கேட்டிருக்கும்" என்றான். உண்மைதான். மணிக்கணக்கில் பாடப்புத்தகம் கொடுக்கிற கல்லூரிக்கு நாளா மணியா என்ற கட்டம் வேண்டும். காசு வாங்காமல், தாமதித்த நாளுக்கு ஈடாக இத்தனை நாள் இரவல் கிடையாது என்று வைக்கிற இடத்துக்கு அந்தக் கட்டம் வேண்டும். எல்லாம் சரி. நம் வீடுகளில் கல்யாணத்துக்கு வாங்கின அண்டா, குண்டான், ஜாரிணி எல்லாம் இருக்கிறது. ஒன்றையும் தூக்கி எறியமாட்டோம். ஆனால் பரணில் வைத்திருப்போம். காலையில் காபி போடப் போகிறவள் அண்டாவைத் தாண்டித்தான் அடுப்பிடம் போக வேண்டும் என்று எந்த வீட்டிலும் வைப்பதில்லை.

முதல் திரையில் நாலு கேள்வி போதும். எத்தனை புத்தகம், எத்தனை நாள், எத்தனை முறை புதுப்பிக்கலாம், தாமதமானால் என்ன. மிச்சம் பரணில் இருக்கட்டும், வேண்டுகிறவர்கள் ஏணி போட்டு எடுக்கட்டும். காலிக் கட்டத்துக்கு ஒரே அர்த்தம் இருக்க வேண்டும்: மேலே உள்ளதைப் பார்த்துக்கொள். வரம்பில்லை என்றால் வரம்பில்லை என்று எழுத்தால் எழுதவையுங்கள், அப்போது எழுதுகிறவர் ஒரு தரம் யோசிப்பார். எந்த எண் எங்கிருந்து இறங்கிவந்தது என்று மங்கலான எழுத்தில் பக்கத்திலேயே காட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு வேண்டியது ஒரு சோதனைப் பெட்டி. இந்த உறுப்பினர் இந்தப் புத்தகத்தை இன்று எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டால், "எடுக்கலாம், இந்தத் தேதிக்குள் திருப்ப வேண்டும், தாமதித்தால் நாளுக்கு இவ்வளவு, இத்தனை ரூபாய் சேர்ந்தால் அடுத்த புத்தகம் நிற்கும்" என்று முழு வாக்கியத்தில் பதில் சொல்லட்டும். பதில் சரிபார்க்காமல் எந்தக் கணக்கையும் விடைத்தாளில் விட்டுவர வேண்டாம் என்று உங்களுக்கு முப்பத்து நாலு வருஷம் சொன்னவள் நான். தொள்ளாயிரம் கட்டத்தை நிரப்பிவிட்டு ஒரு தரம்கூடச் சரிபார்க்க வழியில்லாமல் கடையைத் திறந்தோம். அந்தப் பெட்டி இருந்திருந்தால் ஆறாம் நாள் மூடுகிற கதவு முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும்.

மற்றவர்களும் இதோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்று மாணவன் காட்டினான். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநில நூலகங்களுக்காக எழுதி 2006-இல் ஓடவிட்ட எவர்கிரீன் என்ற மென்பொருளில், தவணை விதிகளுக்குப் பெயர் வைத்துத் தனியே வைத்திருக்கிறார்கள், அட்டவணையில் பெயரை மட்டும் குறித்தால் போதும். ஃபோலியோ என்று இன்னொன்று, அதிலும் விதிக்குப் பெயர் வைத்துவிட்டு வரிவரியாக எழுதவிடுகிறார்கள். அவையும் சுலபம் என்று சொல்லமாட்டேன், பார்த்தவரையில் தலை சுற்றியது. ஆனால் பெயர் வைக்கிற யோசனை பிடித்திருந்தது. "தறிக்காரர் தவணை" என்று ஒரு பெயர் இருந்தால் அதை மாற்றுகிறவளுக்கு யாருக்காக மாற்றுகிறோம் என்று மறக்காது.

உங்களில் என் வயசை ஒட்டினவர்களுக்கு அந்தக் காலத்து லைப்ரரி டிக்கெட் ஞாபகம் இருக்கும். சட்டைப்பை மாதிரி ஒட்டின சின்ன அட்டை, மேலே நம் பெயர். புத்தகத்துக்குள் இருக்கிற அட்டையை உருவி நம் டிக்கெட்டுக்குள் செருகித் தட்டில் தேதிவாரியாக அடுக்கிவிடுவார்கள். பிரௌன் முறை என்று பெயர், நீனா பிரௌன் என்ற அமெரிக்க நூலகப் பெண்மணி 1895 வாக்கில் கொண்டுவந்தது. மூன்று டிக்கெட் கொடுத்திருந்தால் மூன்று புத்தகம். டிக்கெட்டேதான் விதி. காலியாக விட்டால் வரம்பில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை, கையில் டிக்கெட் இல்லாவிட்டால் புத்தகம் இல்லை. விதி கண்ணுக்குத் தெரிந்தது, கையில் பிடிக்க முடிந்தது.

பழையதைத் தூக்கிப்பிடிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். அந்த முறையில் ஒரு புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று தேடத் தட்டு முழுக்கத் துழாவ வேண்டும். கணினியில் ஒரு நொடி. திரும்பிப் போகச் சொன்னால் நானே போகமாட்டேன்.

ஆனால் நோட்டுக் காலத்துக் காப்பாளர் அய்யாவிடம் ஒன்று இருந்தது. 2019-இல் அத்தி வரதர் எழுந்தருளின 48 நாளும் ஊர் எப்படி இருந்தது? ஜூலை 1-இலிருந்து ஆகஸ்ட் 17 வரை சின்ன காஞ்சிபுரம் பக்கம் பால் வாங்கக்கூடப் போக முடியவில்லை. அய்யா ஒரு பலகையில் சாக்பீசால் எழுதி வைத்துவிட்டார்: "அத்தி வரதர் குளத்துக்குத் திரும்பும்வரை அபராதம் இல்லை." முடிந்தது. கோஹாவில் இது முடியாதா என்றால் முடியும். விடுமுறை நாட்காட்டி இருக்கிறது. மொத்தமாகக் கெடுத் தேதியைத் தள்ளிவைக்கவும் ஒரு கருவி இருக்கிறது. இத்தனையும் இருந்தும், வைகாசி கருட சேவைக்கு ஊரே தெருவில் நின்றபோது எங்களில் யாருக்கும் அதைத் திறக்கத் துணிவு வரவில்லை. ஒன்றைத் தொட்டால் வேறென்ன கெடுமோ என்ற பயம். பதினேழு புத்தகம் போனதற்குப் பிறகு எனக்கும் அந்தப் பயம் வந்தது.

இதைத்தான் நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். திரை புரியாவிட்டால் விதி யாருடையதும் இல்லை என்று ஆகிவிடுகிறது. "சிஸ்டம் எடுக்கல" என்ற ஒரு வாக்கியம் இப்போது நம் ஊரில் எல்லாக் கவுண்டரிலும் கேட்கிறது. சொல்கிறவருக்கும் காரணம் தெரியாது, கேட்கிறவருக்கும் தெரியாது. அய்யாவிடம் போய் "ஏன்?" என்று கேட்கலாம், அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

சிலர் சொல்கிறார்கள், எல்லோருக்கும் 14 நாள் என்று ஒரே விதியை மென்பொருளிலேயே பூட்டிக் கொடுத்துவிட்டால் தொல்லை இல்லை என்று. எனக்கு அதில் சம்மதமே இல்லை. அந்த 14 நாள் யாருடைய 14 நாள்? கோர்வைப் புடவை ஒன்று முடியப் பதினைந்து நாளும் ஆகும், வேலைப்பாட்டைப் பொறுத்து இருபதைத் தாண்டியும் போகும். மழை பிடித்துக்கொண்டால் தெருவில் பாவு விரிக்க முடியாது, பள்ளத்தில் ஈரம் ஏறிவிடும், எல்லாம் தள்ளிப்போகும். புடவை முடிகிற அன்றைக்குத்தான் அவர்கள் வீட்டை விட்டு இந்தப் பக்கம் வருகிறார்கள், சங்கத்தில் கொடுக்க. அவர்கள் தவணை தறியில் ஓடுகிறது. அதை அறிந்து மாற்றுகிற இடத்தில் உள்ளூர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். சீர்காழிக்காரர் ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர், 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார். நாலாவது, வாசகரின் நேரத்தைப் பற்றியது. அதை வரிசையில் நிற்கிற நேரம் என்றுதான் இத்தனை நாள் நான் படித்திருந்தேன்.

சரி, என்ன செய்தோம் என்று சொல்கிறேன். முப்பது வரியையும் அழித்தோம். இப்போது மூன்றே வரி. எல்லோருக்கும் எல்லாப் புத்தகமும்: மூன்று புத்தகம், 30 நாள், இரண்டு முறை புதுப்பிக்கலாம். போட்டித் தேர்வு நூல்கள் 10 நாள், ஏனென்றால் காத்திருக்கிறவர்கள் அதிகம். இதழ்கள் 7 நாள். அகராதி, களஞ்சியம் வெளியே போகாது, அதை இந்த அட்டவணையில் எழுதவே வேண்டாம், புத்தக வகையிலேயே இரவலுக்கு இல்லை என்று குறிக்க இடம் இருக்கிறது. இந்த மூன்று வரி நாலு வருஷத்துக்கு முன்னாலும் போட்டிருக்கலாம், மென்பொருள் தடுக்கவில்லை. எங்களை யாரும் தொள்ளாயிரம் கட்டம் நிரப்பச் சொல்லவில்லை, திரை அப்படி விரிந்து கிடந்ததைப் பார்த்து நாங்களாகத்தான் நிரப்பினோம். ஆனால் காலிக் கட்டத்தைப் பார்த்தால் நிரப்பத் தோன்றுவது மனித சுபாவம். பரீட்சை ஹாலில் நீங்கள் எழுதினதையெல்லாம் திருத்தினவள் சொல்கிறேன்.

அபராதத்தை எடுத்துவிட்டோம். கமிட்டியில் ஒருவர் எதிர்த்தார், பயம் இல்லாவிட்டால் எவன் திருப்பிக் கொண்டுவருவான் என்று. அயர்லாந்து 2019 ஜனவரியில் பொது நூலகங்களில் அபராதத்தை நிறுத்தியதையும், அதே வருஷம் அக்டோபரில் சிகாகோவும், 2021 அக்டோபரில் நியூயார்க்கும் நிறுத்தியதையும் சொன்னேன். "அது அமெரிக்கா" என்றார். ஆறு மாதம் பார்ப்போம் என்ற அளவுக்கு இறங்கி வந்திருக்கிறார். அந்த 5 என்ற எண்ணையும் மாற்றியாயிற்று. திரையில் பாக்கி என்ற சொல் வந்தாலும் வாயால் சொல்லக் கூடாது என்று கவுண்டர் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். இது எந்த மென்பொருளிலும் வராது.

இனி உங்கள் வேலை. நாலு வருஷமாக நியூசிலாந்துக்காரர்கள் வைத்த விருந்தைச் சாப்பிட்டிருக்கிறோம், மொய் எழுதவில்லை. கோஹாவில் குறைகளை எழுதி வைக்க ஒரு பொதுப் பதிவேடு இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எழுதலாம். நானும் பெங்களூர்க்காரனும் சோதனைப் பெட்டியைப் பற்றியும் காலிக் கட்டத்தைப் பற்றியும் இரண்டு பக்கம் தயார் செய்திருக்கிறோம். என் ஆங்கிலத்தைத் திருத்த ஒரு ஆள் வேண்டும். நிரல் எழுதத் தெரிந்தவர்கள், சனி ஞாயிறு ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால், கீழே பெயரைப் போடுங்கள். நூலகத்தில் வேலை பார்க்கிறவர்கள் உங்கள் ஊர் அட்டவணையில் எத்தனை வரி என்று சொல்லுங்கள், நான் மட்டும்தான் முட்டாளா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த அம்மாவுக்கு விஷயத்தைச் சொல்லி அனுப்பினேன். அடுத்த புடவை முடிந்ததும் வருகிறேன் என்று மகனிடம் சொல்லிவிட்டிருக்கிறார். இந்த வாரக் கடைசியில் முடியும் போல. சிக்கல் என்னவென்றால், மூன்றாம் பாகம் எங்கள் அலமாரியில் இல்லை. தேடிப் பார்த்தால், பதினேழு புத்தகம் கொண்டுபோன பையன் பதினாறு தேர்வு நூலோடு மனசுக்கு இதமாக அதையும் சேர்த்து எடுத்திருக்கிறான். பதினாறைக் கொடுத்துவிட்டான். தம்பி, உன் அம்மா இந்தப் பக்கத்தைப் பார்ப்பார் என்று தெரியும். வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவந்து கொடுத்துவிடு. அபராதம் கிடையாது.